குடித்தவன் கதையும் குழந்தையின் மௌனமும்

தமிழ் இலக்கியத்தில் மது புதிய பொருளன்று. சங்கச் சான்றோர் பாடல்களில் கள் வள்ளன்மையின் அடையாளமாக நின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது, அவன் தம்மோடு பகிர்ந்துண்ட கள்ளையும் நினைந்தே ஔவையார் கலங்கினார். பின்வந்த அறநூல்களில் அதே கள் கடியப்படும் பொருளாயிற்று. நம் காலத்துத் திரைப்படங்களிலோ அது நகைச்சுவைச் சரக்காகிவிட்டது. தள்ளாடி வருபவனைத் திரையில் கண்டவுடன் கொட்டகை சிரிக்கிறது. போற்றுதல், கடிதல், நகைத்தல் என்னும் இம்மூன்று நோக்கும் தம்முள் எத்துணை மாறுபட்டாலும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. மூன்றும் குடித்தவனையே பார்க்கின்றன. அவன் வீடு திரும்பும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் நின்று, காலடி ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எவ்வாறு கழியும் என்று கணித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அவை பார்ப்பதில்லை.

இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டது ஒரு நூலை அன்று. ஒரு கதை வடிவத்தை. குடியிலிருந்து மீண்டோர் ஓர் அறையில் வட்டமாக அமர்ந்து, ஒருவர்பின் ஒருவராகத் தம் வாழ்வை எடுத்துரைக்கும் வடிவம் அது. ஏறத்தாழ 90 ஆண்டுகளாக, பெரும்பகுதி அச்சேறாமல் வாய்மொழியாகவே வாழ்ந்துவரும் இலக்கியம் என்றும் அதனைக் கூறலாம். அதன் சிறப்பு யாது, குறை யாது, அக்கதையில் குழந்தைக்கு இடம் எங்கே, நம் போன்ற குடும்பங்களுக்கு அது பயன்படுமா என்பவை நம் முன் உள்ள வினாக்கள்.

வள்ளுவர் விட்டுச்சென்ற குறிப்பு

கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தைக் கற்போர், குடிப்பவனை இழித்துரைக்கும் பகுதியாகவே கருதி அதனைக் கடந்துவிடுவர். அதன் இறுதி இரு குறள்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் வேறொரு பொருள் புலப்படும். ஒன்பதாம் குறள், குடித்துக் களித்திருப்பவனிடம் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடும் செயலுக்கு ஒப்பிடுகிறது. அப்படியானால் அவனை மீட்க வழியே இல்லையா? அடுத்த குறளில் வள்ளுவர் ஒரு வழியைக் காட்டுகிறார். தான் தெளிந்திருக்கும் வேளையில், குடித்து மயங்கிய மற்றொருவனைக் காணும்போது, தன் சோர்வும் இத்தகையதே என்று அவன் எண்ணிப் பார்க்க மாட்டானோ என வினவுகிறார்.

அறிவுரை சென்று சேராத இடத்துக்கும் ஒத்த நிலையில் உள்ள இன்னொருவனின் தோற்றம் சென்று சேரும் என்பதே இவ்விரு குறள்களும் சேர்ந்து தரும் கருத்து. முஃமினை முஃமினுக்குக் கண்ணாடியாக உவமித்த நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. கண்ணாடி எவரையும் ஏசுவதில்லை. முகத்தில் உள்ளதைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

அக்ரான் நகரத்து உரையாடல்

வள்ளுவரை அறியாத இருவர் இதே உண்மையைத் தம் அனுபவத்தால் கண்டடைந்த நிகழ்ச்சி 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அக்ரான் நகரில் நடந்தது. நியூயார்க்கில் பங்குத் தொழிலில் ஈடுபட்டிருந்த பில் வில்சன், 1934 டிசம்பரில் குடியை விட்டவர். அதன்பின் பல மாதங்கள் பிற குடிகாரர்களைத் திருத்த முயன்றார், ஒருவரும் திருந்தவில்லை. 1935 மே மாதத்தில் தொழில் நிமித்தம் அக்ரானுக்குச் சென்றார். சென்ற காரியம் கைகூடவில்லை. மனம் உடைந்த நிலையில் மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். அப்போது அவர் தமக்கு உபதேசிக்க ஒருவரைத் தேடவில்லை. தம்மைப் போலவே குடியால் கெட்ட ஒருவரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்.

வில்சன் அவருக்கு அறம் உரைக்கவில்லை. தம் கதையைச் சொன்னார். குடியின் தீங்குகளை மருத்துவரான ஸ்மித் நூல்களில் படித்தறிந்தவரே. ஆயினும் தம் மனத்துள் நிகழ்வதை மற்றொருவன் வாயால் கேட்டது அவருக்கு அதுவே முதன்முறை. ஸ்மித் இறுதியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் பெயர் கூறாக் குடிநோயாளர் கூட்டுறவின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. அதன் மூலநூல் 1939இல் வெளிவந்தது. 1957இல் அவ்வியக்கம் தில்லி வழியாக இந்தியாவில் கால்கொண்டது.

இக்கூட்டங்களில் சொல்லப்படும் கதைக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. முன்னிருந்த நிலை, திருப்பம், இன்றைய நிலை என்னும் மூன்று பகுதிகளால் அது ஆனது. கேட்போர் இடைமறிப்பதில்லை, கேட்டு முடித்தபின் தீர்ப்பு வழங்குவதும் இல்லை. சொல்பவர் தம் முழுப்பெயரைச் சொல்லார். கட்டணம் இல்லை, ஆள்வோரும் ஆளப்படுவோரும் இல்லை. இவ்வடிவத்தில் நம்மைக் கவர்வது, கதைக்கு மங்கள முடிவு இல்லாமையே. இருபது ஆண்டுகள் குடியாதிருந்தவரும், இன்று குடிக்கவில்லை என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார். நாளையைப் பற்றி அவர் வீரம் பேசுவதில்லை. வெற்றிக் கதைகளால் நிரம்பிய நம் வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தில் இத்தகைய அடக்கம் அரிது.

இவ்வடிவம் பயன் தருவதா என்ற வினாவுக்கு நெடுங்காலம் உறுதியான விடை இல்லாதிருந்தது. 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் கணக்கில் கொண்டது. இக்கூட்டுறவின்பால் நோயாளரை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் பிற நற்சிகிச்சைகளைவிட மேம்பட்டது என்று அது முடிவு கூறிற்று. எனினும் பேச்சு ஒன்றே போதுமென்று எவரும் எண்ணலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தபிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே முதற்கட்டத்தில் மருத்துவர் துணை இன்றியமையாதது.

கதையில் இல்லாத குழந்தை

இனி, குறையைப் பார்ப்போம். இக்கதையின் தலைவன் குடித்தவனே. மனைவி அவன் செய்த கொடுமைக்குச் சான்றாக வருகிறாள். குழந்தை அவன் மனம் திரும்பியதற்குக் காரணமாக வருகிறது. பள்ளிக் கட்டணத்தைக் குடித்தழித்ததும், திருநாளன்று பிள்ளைக்குப் புத்தாடை வாங்கித் தராததும் சொல்பவரின் கண்ணீருக்குக் காரணமாகின்றன. கேட்போர் கண்களும் கலங்குகின்றன. ஆனால் அக்குழந்தை அந்நாளில் என்ன நினைத்தது, இப்போது என்ன நினைக்கிறது என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தந்தை திருந்தியதோடு கதை நிறைவுறுகிறது. பிள்ளையின் கதை அப்போதுதான் தொடங்குகிறது என்பதை அவ்வடிவம் தானாக உணர்ந்துகொள்ளவில்லை.

அவ்வியக்கத்தாரின் குடும்பத்தினரே இதனை முதலில் உணர்ந்தனர். வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று, குடிநோயாளர் குடும்பத்தினருக்கென 1951இல் 'அல்-அனான்' என்னும் தனிக் கூட்டுறவை உருவாக்கினார். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென 1957இல் 'அலட்டீன்' தோன்றிற்று. குடிநோயாளர் வீடுகளில் வளர்ந்து பெரியவர்களானோர் தம்முள் கூடிப் பேசும் குழுக்கள் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் அரும்பின. குடித்தவனிலிருந்து மனைவிக்கும், மனைவியிலிருந்து பிள்ளைக்கும் பேச்சு வந்துசேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1980களின் தொடக்கத்தில் கிளாடியா பிளாக், ஜேனட் வாய்ட்டிட்ஸ் என்னும் இரு பெண்மணிகள் எழுதிய நூல்கள் இத்துறையில் வழிகாட்டிகளாயின. அத்தகைய வீடுகளில் எழுதப்படாத மூன்று சட்டங்கள் நிலவுவதைப் பிளாக் எடுத்துக்காட்டினார். பேசாதே, நம்பாதே, உணராதே என்பவை அவை. இவற்றை எவரும் பிள்ளைக்குக் கற்பிப்பதில்லை. முதல்நாள் இரவு உடைந்த பாத்திரங்களைப் பற்றி மறுநாட் காலை வீட்டில் ஒருவரும் வாய்திறக்காதபோது, பேசக்கூடாது என்பதைப் பிள்ளை தானே கற்றுக்கொள்கிறது. வாக்களித்த தந்தை வாராதபோது நம்பிக்கையை விடுகிறது. அழுதால் அடி விழும் என்றறிந்து அழுகையை அடக்குகிறது. நாளடைவில் அழுகையே வாராமற்போகிறது.

இப்பிள்ளைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்; அடையாளம் கண்டதில்லை என்பதே குறை. பத்து வயதிலேயே தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி உணவூட்டும் மூத்த பெண்ணைப் 'பொறுப்பான பிள்ளை' என்று மெச்சுகிறோம். எல்லாரையும் சிரிக்க வைக்கும் சிறுவனைக் 'கலகலப்பானவன்' என்கிறோம். யாருக்கும் தொல்லை தராமல் மூலையில் ஒடுங்கியிருப்பவனை 'அமைதியானவன்' என்று பாராட்டுகிறோம். குணம் என்று நாம் கொள்வது சில வீடுகளில் தற்காப்பாக இருத்தல் கூடும்.

இத்தற்காப்பின் விலையை மருத்துவ உலகம் கணக்கிட்டிருக்கிறது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்களும் அவர்தம் துணைவரும் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. இளமையில் அடி, இழிசொல், பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காணுதல், வீட்டில் குடிநோயாளர் இருத்தல் முதலிய துன்ப வகைகளுள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அனுபவித்தோர், ஏதும் அனுபவியாதோரைவிட, குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். எந்நேரமும் அச்சத்தில் விழித்திருந்து பழகிய உடல், வளர்ந்தபின்னும் ஓய்வெடுக்கக் கற்பதில்லை. அவ்வுடலுக்கு முதன்முதலாக ஓய்வைக் காட்டும் பொருள் போதையாக அமைந்துவிட்டால் அதனை விடுவது எளிதன்று. தந்தையின் குடியை வெறுத்த மகனே பின்னர்க் குடிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இது விதியன்று என்பதையும் உடன் சொல்லவேண்டும். மேற்சொன்ன மடங்கு இடரைக் காட்டுவதே, முடிவைக் காட்டுவதன்று. அத்தகைய வீடுகளிலிருந்து வந்து நலமாக வாழ்வோர் பலர். தம்மை நம்பி ஏற்ற ஒரு பாட்டியோ, ஓர் ஆசிரியரோ, ஒரு மாமியோ அருகில் இருந்தமை பல பிள்ளைகளுக்குக் காப்பாக அமைந்திருக்கிறது.

நம் வீட்டுச் சாய்வு நாற்காலி

'இவையெல்லாம் யார் வீட்டுச் செய்தி? மது ஹராம் என்று கொண்ட நம் வீடுகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். திருமறை மதுவையும் சூதையும் ஒரே மூச்சில் கடிந்துரைப்பதை அவர்கள் நினைவுகூரவேண்டும். மது புகாத வீட்டில் மாத்திரை புகுந்திருக்கலாம், கஞ்சா புகுந்திருக்கலாம், கைப்பேசி வழியே சூது புகுந்திருக்கலாம். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் அதற்கு முன்பே கடனில் மூழ்கிய வீடுகளின் பிள்ளைகளுக்கு அச்சட்டத்தால் இழந்த உறக்கம் மீளவில்லை. மதுவும் நம்மவர் சிலர் வீடுகளில் உண்டு என்பதை ஊரறியும். தாழ்ந்த குரலில் பேசப்படுவதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது.

இவ்விடத்தில் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை நினையாதிருக்க இயலாது. 1997இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற அந்நாவலின் முஸ்தபாகண்ணு குடிநோயாளன் அல்லன். நாவின் சுவைக்கு அடிமைப்பட்டு, பழம்பெருமை பேசிக்கொண்டு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்பவன். பிரம்பால் வீட்டுப் பெண்களை ஆள்பவன். போதைப் பொருள் இல்லாமலே போதையின் குடும்ப அமைப்பு முழுவதையும் அந்நாவல் காட்டிவிடுகிறது. ஒருவன் வேட்கையைச் சுற்றி வீடு முழுவதும் வளைந்து நிற்பதையும், அக்கொடுமை தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதையும் மீரான் அஞ்சாது எழுதினார். முஸ்லிம் வீட்டின் உள்ளறையைத் தமிழுலகிற்குத் திறந்து காட்டியதற்காகச் சிலர் மனம் வருந்தியிருக்கலாம். அவ்வறையில் வளர்ந்தோர் பலர் தாம் தனியரல்லர் என்று அறிந்து ஆறுதல் பெற்றிருப்பர் என்பதே நம் கருத்து.

மீரானின் சாதனையை ஒப்புக்கொண்டே ஒன்றைக் கேட்கவேண்டும். அந்நாவலிலும் நம் கண் நாற்காலியில் அமர்ந்தவன் மேலேயே பதிந்து கிடக்கிறது. அவன் பிரம்பின் ஓசையைக் கேட்டு வளரும் பிள்ளையைக் கதைத் தலைமைக்கு உயர்த்தி, அப்பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்குத் தந்தையாகும்வரை தொடர்ந்து செல்லும் படைப்பு நமக்கு இன்னும் வேண்டியதாகவே உள்ளது.

மறைத்தலும் மருந்தும்

நம்மவர் இத்தகைய கூட்டங்களுக்குச் செல்லத் தயங்குவதற்கு மார்க்க அடிப்படையிலான காரணம் ஒன்றும் உண்டு. அதனை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. இறைவன் மறைத்துவைத்த தன் பாவத்தைத் தானே வெளியில் சொல்லித் திரிபவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். பிறர் ஐபை மறைப்பது நற்செயல் என்றும் கற்பித்துள்ளார்கள். அவ்வாறிருக்க, ஓர் அறையில் அமர்ந்து தன் குடியைத் தானே விவரிப்பதும், ஒரு மகள் தன் தந்தையின் குடியை விவரிப்பதும் தகுமோ?

நம் தமிழகத்து ஷாஃபிஈ மத்ஹபினர் பெரிதும் போற்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நூல்களிலேயே இதற்கு விளக்கம் கிடைக்கிறது. பாவத்தைப் பிறருக்கு அறிவிப்பது வெறுக்கத்தக்கது என்று கூறும் இமாம் அவர்கள், அதிலிருந்து வெளியேறும் வழியைக் கற்றுத்தரக்கூடியவரிடம் சொல்வது குற்றமாகாது, நன்றேயாகும் என்று 'அல்அத்கா'ரில் விலக்களிக்கிறார்கள். புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைப் பட்டியலிடும்போதும், அநீதிக்கு ஆளானவர் முறையிடுவதையும் தீமையை மாற்ற உதவி தேடுவதையும் அவற்றுள் சேர்க்கிறார்கள். இதற்குச் சான்றாகும் நிகழ்ச்சி புகழ்பெற்றது. கணவர் அபூ சுஃப்யான் (ரலி) தமக்கும் பிள்ளைகளுக்கும் போதிய அளவு செலவுக்குத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் முறையிட்டார்கள். அண்ணலார் அதனைப் புறம்பேசுதல் என்று தடுக்கவில்லை. முறையான அளவில் எடுத்துக்கொள்ளுமாறு வழிகாட்டினார்கள். பிள்ளைகளின் பொருட்டு ஒரு தாய் வாய்திறந்ததை இஸ்லாம் குற்றமாக்கவில்லை என்பது இதனால் தெளிவாகும்.

பெருமைக்குச் சொல்வது வேறு, பிணிக்கு மருந்து தேடிச் சொல்வது வேறு. சொன்னவை அறைக்கு வெளியே செல்லாதவாறு காப்பதைக் கடமையாக்கிய அக்கூட்டுறவின் விதி, நம் மார்க்கம் போற்றும் மறைத்தலுக்கு மாறானதன்று. குடித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறி அண்ணலார் அச்சாபத்தைத் தடுத்த செய்தியும் புகாரியில் உண்டு. விழுந்தவரைச் சமுதாயத்தினின்று தள்ளாமல் வைத்துக்கொள்ளும் பண்பு நமக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதன்று.

ஊரறிந்த இடத்தில் பெயரின்மை

மார்க்கத் தடை நீங்கினாலும் ஊர்த் தடை ஒன்று எஞ்சுகிறது. பெயர் கூறாமை என்பது பெருநகரில் பிறந்த விதி. சென்னையில் ஒருவர் நான்கு பேருந்து நிறுத்தங்கள் தாண்டிச் சென்று, அறிமுகமற்றோர் நடுவே அமரலாம். சிற்றூரில் அது எங்ஙனம் இயலும்?

அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை அடுத்த வரதராஜன்பேட்டையை எடுத்துக்கொள்வோம். முந்திரி விளையும் செம்மண் நாட்டில், கத்தோலிக்கக் கிறித்தவர் பெருவாரியாக வாழும் பேரூர் அது. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள லெப்பைக்குடிகாட்டில் நம்மவர் எவ்வாறோ, அவ்வாறே அங்கு அவர்கள். ஓர் ஊர், ஒரு வழிபாடு, பின்னிப் பிணைந்த உறவுமுறை. இத்தகைய ஊரில் ஓர் அறைக்குள் மாலையில் யார் நுழைந்தார் என்பது இரவுக்குள் எல்லார்க்கும் தெரிந்துவிடும். பெயரைச் சொல்லாதிருப்பதால் மறைவது ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் ஒருவரிடம் தனித்துச் சொல்லிப் பழகியோர்க்கும், ஜமாஅத்தின் முன் நிறுத்தப்படுவதையே அறிந்தோர்க்கும், நிகரானோர் நடுவே அமர்ந்து பேசுதல் புதிய பழக்கமாகும். அங்கே மன்னிப்பவரும் இல்லை, தண்டிப்பவரும் இல்லை.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, இன்றைய திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடி இதற்கு ஒரு விடை தந்திருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவ்வம்மையாரின் நிறுவனம், 1989இல் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாமைத் தொடங்கிற்று. நோயாளரை நகரத்துக்கு அழைக்காமல் மருத்துவக் குழு ஊருக்கே சென்று தங்கிற்று. குடிநோய் என்பது நோயே என்று ஊரார்க்கு உணர்த்தியதோடு, குடும்பத்தினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டு, முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து கண்காணித்தது. நகரத்தில் மறைவு செய்த வேலையைக் கிராமத்தில் ஊரின் ஒப்புதல் செய்தது. எல்லாரும் அறிந்தபின் இழிவுபடுத்த எஞ்சுவது குறைவு என்பதே அதன் உட்பொருள்.

அதே 1989இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், பன்னிரு படிகளை இஸ்லாமிய நெறிக்கு ஏற்ப அமைத்து, 'மில்லத்தீ இஸ்லாமீ' என்னும் முஸ்லிம் கூட்டுறவு தோன்றிற்று. உலகின் இரு கோடிகளில் ஒரே ஆண்டில் ஒரே வடிவம் இரு மண்ணுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. ஆகவே, வந்த வடிவத்தை அப்படியே ஏற்கவேண்டும், அன்றேல் தள்ளவேண்டும் என்னும் கட்டாயம் நமக்கில்லை.

ஊரின் ஒப்புதல் குடித்தவனுக்குப் போதுமானதாகலாம். பிள்ளைக்குப் போதாது என்பது நம் துணிபு. தன் தந்தையை அறிந்த ஊர் முன்னிலையில் எந்தப் பிள்ளையும் பேசாது. அதற்குத் தனி இடம் வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். தன்னையொத்த நான்கு பிள்ளைகள் வேண்டும். 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்றுவரும் மாநிலம் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளின்மேல் நாட்டின் பார்வை சில நாள் விழுந்தது. அரசும் உதவி அறிவித்தது. தந்தை இறவாமல் நாள்தோறும் குடித்துக்கொண்டே இருக்கும் வீட்டுப் பிள்ளைமேல் எவர் பார்வையும் விழுவதில்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமைப்பட்டோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுவதாகக் கண்டது. நோயாளருக்கே நிலைமை இதுவானால், அவர்தம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

திருப்பித் தர வேண்டிய கடன்

பன்னிரு படிகளுள் எட்டாவதும் ஒன்பதாவதும், தன்னால் தீங்குற்றோரைப் பட்டியலிட்டு, இயன்ற இடத்தில் ஈடுசெய்யச் சொல்கின்றன. நம் தௌபாவின் நிபந்தனைகளும் இதனையே வேண்டுகின்றன. பாவத்தை விடுதல், வருந்துதல், மீளாதிருக்க உறுதிகொள்ளுதல் என்னும் மூன்றோடு, மனிதர் உரிமை சார்ந்த பாவமாயின் உரியவரிடம் அவ்வுரிமையைத் திருப்பித் தருதலை நான்காவதாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீ'னில் எழுதியுள்ளார்கள். பறித்த பணத்தைத் திருப்பித் தரலாம். பறித்த குழந்தைப் பருவத்தை எவ்வாறு திருப்பித் தருவது?

முழுவதும் திருப்பித் தர இயலாது என்பதே நேர்மையான விடை. ஆயினும் தரக்கூடியது ஒன்றுண்டு. 'நடந்தது உண்மை, நீ கண்டது பொய்யன்று, குற்றம் உன்னுடையதன்று' என்று தந்தை தன் பிள்ளையிடம் சொல்லலாம். பிள்ளை பேசத் தொடங்கும்போது குறுக்கிடாமல் கேட்கலாம். அப்பிள்ளை உடனே மன்னிக்கவேண்டும் என்று எதிர்பாராதிருக்கலாம். திருந்திய தந்தையர் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். தாம் திருந்தியதையே ஈடாகக் காட்டி, பிள்ளையின் சினத்தை நன்றிகேடு என்கின்றனர். உற்றாரும், 'அதுதான் விட்டுவிட்டாரே, இன்னும் என்ன?' என்று பிள்ளையின் வாயை இரண்டாம் முறையும் அடைக்கின்றனர். அப்போது பேசாதே என்னும் பழைய சட்டம் குடியில்லாத வீட்டிலும் தொடர்ந்து செல்லுபடியாகிறது.

ஆகவே, இக்கதை வடிவத்தைப் பற்றிய நம் மதிப்பீட்டை இவ்வாறு தொகுத்துரைப்போம். கண்டிப்பால் ஆகாததைப் பகிர்தலால் செய்து காட்டியது அதன் பெருஞ்சிறப்பு. குடித்தவனை நடுவில் வைத்துப் பிள்ளையைச் சான்றாளாக நிறுத்தியது அதன் குறை. அக்குறையைப் பின்வந்த குடும்பக் குழுக்கள் ஒருவாறு நிரப்பின. நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு அந்நிரப்பம் இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை.

நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் மகளிர் அமைப்புகளும் இதனைச் செய்யத் தக்கவை. பெருங்கட்டடமோ பெருநிதியோ இதற்குத் தேவையில்லை. வாரம் ஒருமுறை ஒரு சிறு அறை, கேட்டதை வெளியிடாத ஒரு பெண்மணி, பக்கத்து ஊரில் அமர்த்தத்தக்க ஒரு மனநல ஆலோசகர் என்ற அளவில் தொடங்கலாம். போதையிலிருந்து மீள விழைவோர்க்கு 14446 என்னும் தேசிய உதவி எண்ணும், துன்புறும் பிள்ளைகளுக்கு 1098 என்னும் எண்ணும் உள்ளன. அவற்றைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது எவர்க்கும் இழுக்காகாது. எழுத்தாளர்க்கும் ஒரு வேண்டுகோள்: கதவுக்குப் பின்னால் நிற்கும் அப்பிள்ளைக்கு உங்கள் கதையில் ஒருமுறையேனும் பேச இடம் கொடுங்கள். அது பேசுவதைக் கேட்கும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!